பகலில் 6/6, ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம்: லேசிக் செய்தவர்களின் இரவுப் பார்வைக்கு என்ன ஆகிறது?

திரேஸ்புரத்தில் அதிகாலை இருட்டில் வல்லம் ஏறுகிறவர்களுக்கு, கரை மறைந்த பிறகு வழி சொல்வது வெளிச்சப் புள்ளிகள்தான். தெற்கே துறைமுகத்தின் விளக்குகள், முயல் தீவு கலங்கரை விளக்கம், வெளிக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் சரக்குக் கப்பல்கள், எங்கோ பக்கத்தில் வலை போட்டிருக்கும் இன்னொரு படகின் சின்ன டார்ச். கையில் ஜி.பி.எஸ். இருந்தாலும், எதிரே வருவது என்ன, எவ்வளவு தூரம், நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் கடைசியில் முடிவு செய்வது கண்தான்.

அந்த ஒவ்வொரு புள்ளியும் பூசணிப் பூ மாதிரி விரிந்து தெரிந்தால் என்ன ஆகும்?

கண்ணாடியைக் கழற்றுவதற்காக லேசர் சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் சொல்லும் புகார் கிட்டத்தட்ட இதுதான். ‘பகல்ல எல்லாம் பளிச்சுனு இருக்கு. ராத்திரி வண்டி ஓட்டும்போதுதான் எதிர்ல வர்ற லைட் எல்லாம் சிதறுது.’ இப்படிச் சொல்பவரை ஆஸ்பத்திரியில் சோதித்தால், சார்ட்டில் கடைசி வரி வரை தடுமாறாமல் படிப்பார். ரிப்போர்ட்டில் 6/6 என்று எழுதித் தருவார்கள். ‘கண் நல்லாத்தான் இருக்கு’ என்று மருத்துவர் சொல்வார். ‘இல்ல சார், நல்லா இல்ல’ என்று இவர் சொல்வார்.

இருவர் சொல்வதும் உண்மை. அது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

முதலில் ஒன்று: இது மாலைக்கண் அல்ல

இரவில் சரியாகத் தெரியவில்லை என்றதும் நம் வீடுகளில் வரும் முதல் வார்த்தை ‘மாலைக்கண்’. அடுத்த வார்த்தை கேரட், இல்லாவிட்டால் முருங்கைக்கீரை. மாலைக்கண் வேறு பிரச்சினை. விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்காகவே இருக்கும் கோல் வடிவ செல்கள் சரியாக வேலை செய்யாதபோது அது வருகிறது. வைட்டமின் ஏ குறைபாடு அதற்குப் பழைய காரணம். ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா போன்ற பரம்பரை நோய்களிலும் வரும்.

லேசிக் சிகிச்சை விழித்திரையைத் தொடுவதே இல்லை. கண்ணின் முன்பக்கம், வாட்ச் கண்ணாடி மாதிரி வளைந்திருக்கும் கார்னியாவில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. எனவே லேசிக்குக்குப் பிறகு வரும் இரவுத் தொல்லையில் வெளிச்சம் உள்ளே வருகிறது, விழித்திரையும் அதை வாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு புள்ளியில் விழ வேண்டிய ஒளி பரவி விழுகிறது. கீரை சாப்பிடுவது நல்ல விஷயம், ஆனால் இதற்கு உதவாது.

தொல்லையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. விளக்கைச் சுற்றி வட்டம் தெரிந்தால் அது ‘ஹாலோ’. விளக்கில் இருந்து நாலாபக்கமும் கோடு கோடாகக் கதிர் நீண்டால் ‘ஸ்டார்பர்ஸ்ட்’. வெளிச்சம் கண்ணைக் கூசி, பக்கத்தில் இருப்பதையும் மறைத்தால் ‘கிளேர்’. ஓர் எழுத்தின் ஓரத்தில் அதன் நிழல் போல இன்னொன்று தெரிந்தால் ‘கோஸ்டிங்’. இவற்றோடு ஐந்தாவதாக ஒன்று உண்டு. பலருக்கு அதன் பெயர் தெரியாது: சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிறச் சட்டை போட்டு நடந்து போகிறவர் கடைசி நொடியில்தான் கண்ணில் படுவார். இது கான்ட்ராஸ்ட் குறைவு. ஆபத்தானது என்று பார்த்தால், வளையங்களைவிட இதுதான் முதலில் வரும்.

இட்லியை நடுவில் அழுத்தினால்...

கண்ணுக்குள் ஒளியைக் குவிக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கார்னியாவுடையது. அதன் நடுப்பகுதியின் தடிமன் சராசரியாக 540 மைக்ரான் அளவில் இருக்கும், அதாவது அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கிட்டப்பார்வை உள்ளவருக்கு, தூரத்தில் இருந்து வரும் ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் நடுப்பகுதியைக் கொஞ்சம் தட்டையாக்கினால் ஒளி பின்னால் தள்ளிப்போய்ச் சரியான இடத்தில் குவியும். கண்ணாடி வெளியே இருந்து செய்யும் வேலையை கார்னியாவே செய்துவிடும்.

லேசிக்கில் முதலில் கார்னியாவின் மேல் அடுக்கை 100 முதல் 120 மைக்ரான் தடிமனில் மூடி மாதிரி வெட்டி மடித்து வைப்பார்கள். இதுதான் ஃபிளாப். உள்ளே தெரியும் பரப்பில் 193 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட எக்சைமர் லேசர் கணக்குப் போட்டுத் திசுவைச் செதுக்கும். பிறகு மூடியைத் திரும்பப் போட்டுவிடுவார்கள். பி.ஆர்.கே. முறையில் மூடி கிடையாது, மேற்பரப்பிலேயே லேசர் படும். ஸ்மைல் முறையில் உள்ளுக்குள்ளேயே மெல்லிய வில்லை ஒன்றை வெட்டி, சின்னத் துளை வழியாக உருவி எடுப்பார்கள். மூன்றுமே கடைசியில் செய்வது ஒன்றுதான்: கார்னியாவின் நடுவைத் தட்டையாக்குவது.

இயற்கையான கார்னியா நடுவில் அதிகமாக வளைந்தும், ஓரத்துக்குப் போகப் போகத் தட்டையாகியும் இருக்கும். நன்றாக உப்பி வந்த இட்லியின் மேல்பக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் கரண்டியால் மெதுவாக அழுத்தினால் நடு தட்டையாகும், ஓரம் செங்குத்தாக நிற்கும். கிட்டப்பார்வைக்கு லேசர் செய்த கார்னியா ஏறக்குறைய அந்த வடிவத்துக்கு வருகிறது. நடுவழியாக வரும் ஒளி ஓரிடத்தில் குவியும், ஓரம் வழியாக வரும் ஒளி வேறிடத்தில் குவியும். இயற்பியல் புத்தகத்தில் கோளப் பிறழ்ச்சி என்று படித்தோமே, அதேதான்.

பகலில் இது ஏன் தெரிவதில்லை? கண்பாவை காப்பாற்றிவிடுகிறது. கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் அந்தத் துவாரம் வெயிலில் 2, 3 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஒளி இட்லியின் தட்டையான நடு வழியாக மட்டுமே உள்ளே போகிறது. இருட்டில் அதே துவாரம் 6, 7 மி.மீ. வரை விரியும், சில இளைஞர்களுக்கு 8 மி.மீ. வரைகூட. 3 மி.மீ. துவாரம் 7 மி.மீ. ஆனால் பரப்பளவு 5 மடங்குக்கு மேல் கூடுகிறது. லேசர் முழுமையாகச் செதுக்கும் வட்டம் வழக்கமாக 6 அல்லது 6.5 மி.மீ. விட்டம். அதைச் சுற்றி ஒரு சரிவுப் பகுதி. இருட்டில் விரிந்த கண்பாவை வழியாக நடுப்பகுதி, சரிவு, செதுக்காத ஓரம் எல்லாவற்றின் ஒளியும் ஒன்றாக உள்ளே வந்து விழுகிறது. அந்தக் கலவைதான் விளக்கைச் சுற்றித் தெரியும் வளையம்.

வயது ஏற ஏற கண்பாவை இருட்டிலும் அவ்வளவாக விரியாது. லேசிக் செய்துகொள்ள வருகிறவர்களில் பெரும்பாலோர் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். கண்பாவை நன்றாக விரியும் வயதும் அதுதான்.

அப்புறம் எப்படி 6/6 வருகிறது?

சோதனை அப்படி. கண் மருத்துவமனைச் சுவரில் மேலே பெரிதாகவும் கீழே பொடியாகவும் எழுத்துகள் உள்ள அட்டையை 1862-ல் நெதர்லாந்தின் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வடிவமைத்தார். வெள்ளைப் பின்னணி, அடர் கறுப்பு எழுத்து, நல்ல வெளிச்சம். கண்ணின் கூர்மையை அளக்க இன்றும் அதுதான் அடிப்படை. ஆனால் இரவில் யாரும் உங்கள் முன்னால் வெள்ளையில் கறுப்பாக எழுதி வைப்பதில்லை. கறுப்பில் சாம்பல் வருகிறது, நடுவே ஒரு ஹை பீம் வருகிறது.

கான்ட்ராஸ்ட்டை அளக்கத் தனி அட்டைகள் இருக்கின்றன. 1988-ல் வந்த பெல்லி-ராப்சன் அட்டையில் எல்லா எழுத்தும் ஒரே அளவுதான். கீழே போகப் போக எழுத்தின் கறுப்பு மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் வெள்ளையோடு கலந்துவிடும். இப்படி ஒரு சோதனை இருப்பதே நிறைய பேருக்குத் தெரியாது. லேசிக்குக்குப் பிந்தைய ரொட்டீன் செக்கப்பில் எல்லா இடத்திலும் இதைச் செய்வதும் இல்லை.

மெட்ராஸ் பல்கலைக்கழக மாணவரும் வான்கோழியும்

இந்தக் கதையில் நம்ம ஊர் ஆள் ஒருவர் இருக்கிறார். ரங்கசாமி ஸ்ரீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1949-ல் இளநிலையும் 1950-ல் முதுநிலையும் முடித்து அமெரிக்கா போன வேதியியலாளர். 1981-ல் நியூயார்க் மாநிலத்தில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம் ஆகியோருடன் எக்சைமர் லேசரில் வேலை செய்துகொண்டிருந்தார். பிளாஸ்டிக்கைச் சுத்தமாகச் செதுக்கும் இந்த லேசர் உயிர்த்திசுவை என்ன செய்யும் என்று கேள்வி வந்தது. நவம்பர் 27, தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். லேசர் பட்ட இடம் கருகவில்லை, பக்கத்துத் திசு சேதமாகவில்லை, கத்தி வைத்த மாதிரி சுத்தமான பள்ளம்.

அந்தப் பள்ளத்தில் இருந்துதான் லேசர் பார்வைத் திருத்தம் வளர்ந்தது. 1983-ல் கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கலுடன் சேர்ந்து கார்னியாவில் இதைப் பயன்படுத்தும் ஆய்வு வெளிவந்தது. மூடி வெட்டும் லேசிக் முறையை 1990 வாக்கில் கிரீஸ் நாட்டு மருத்துவர் இயோன்னிஸ் பல்லிகாரிஸ் கொண்டுவந்தார். ஸ்ரீனிவாசன், வைன், பிளம் மூவருக்கும் 2013 பிப்ரவரியில் அதிபர் ஒபாமா அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கத்தை அணிவித்தார்.

செதுக்குவதில் லேசரின் துல்லியம் பற்றி அன்றும் இன்றும் சண்டை இல்லை. எவ்வளவு அகலத்துக்குச் செதுக்குவது என்பதில்தான் ராத்திரிப் பிரச்சினை ஒளிந்திருக்கிறது.

‘அப்போ வட்டத்தைப் பெருசா செதுக்கிட்டா போச்சே?’

நியாயமான கேள்வி. விலை திசுவில் போகிறது.

ஒரு எளிய கணக்கு உண்டு. செதுக்கும் வட்டத்தின் விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, கண்ணாடி பவரால் பெருக்கி, மூன்றால் வகுத்தால், நடுவில் எத்தனை மைக்ரான் திசு போகும் என்று தோராயமாகக் கிடைக்கும். மைனஸ் 6 பவர் உள்ளவருக்கு 6 மி.மீ. வட்டம் என்றால் 72 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். அதையே 7 மி.மீ. ஆக்கினால் 98 மைக்ரான். ஒரு மில்லிமீட்டர் அகலம் கூட்ட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் திசு.

மூடிக்கு அடியில் குறைந்தது 250 மைக்ரானாவது தொடப்படாமல் மிஞ்ச வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். அதற்குக் கீழே போனால் கார்னியா பலமிழந்து முன்னால் பிதுங்கும் அபாயம். கார்னியா 540 மைக்ரான், பவர் மைனஸ் 3 என்றால் கவலையே இல்லை, தாராளமாகச் செதுக்கலாம். கார்னியா 500 மைக்ரான், பவர் மைனஸ் 8 என்று வையுங்கள். மூடிக்கு 110, 7 மி.மீ. வட்டத்துக்கு 130 போனால் மிச்சம் 260. எல்லைக்கோட்டில் நிற்கிறது. மருத்துவர் வட்டத்தைச் சுருக்குவார், அல்லது லேசிக்கே வேண்டாம் என்பார். வேண்டாம் என்று சொல்லும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

அதனால்தான் பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இரவுத் தொல்லைக்கான வாய்ப்பும் அதிகம். கண்பாவையின் அளவைப் பற்றி மருத்துவர்களிடையே நீண்ட விவாதம் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படை மருத்துவர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பெரிய கண்பாவை உள்ளவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின் ஆரம்ப நாட்களில் தொல்லை அதிகமாக இருந்தது, ஆறாவது மாதத்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆக, ‘கண்பாவை பெருசு, அதனால லேசிக் கூடாது’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ‘கண்பாவை அளவே தேவையில்லை’ என்றும் முடிக்க முடியாது.

வேறு காரணங்களும் உண்டு. லேசர் மையத்தில் இருந்து சற்று விலகிப் பட்டிருக்கலாம். பவர் முழுதும் போகாமல் மைனஸ் 0.5 மிஞ்சியிருக்கலாம். பகலில் அது தெரியாது, இரவில் தெரியும். மூடியில் நுண்ணிய சுருக்கம் விழுந்திருக்கலாம். எல்லாவற்றையும்விட சாதாரணமானது கண் உலர்வு. மூடி வெட்டும்போது கார்னியாவின் நரம்புகளும் வெட்டுப்படும். அவை வளர்ந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கண்ணீர்ப் படலம் சீராக இருக்காது. சீரில்லாத படலத்தில் பட்ட ஒளி சிதறும். கடற்காற்றிலும் பைக்கிலும் ஏ.சி. அறையிலும் இருப்பவர்களுக்கு இது இன்னும் கூடும்.

எத்தனை பேருக்கு இப்படி ஆகிறது?

இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் அதிகம். ஒரு பக்கம் ‘பத்தே நிமிஷம், பக்கவிளைவே இல்லை’ என்ற விளம்பரம். இன்னொரு பக்கம் ‘லேசிக் செஞ்சா வாழ்க்கையே போச்சு’ என்ற வீடியோ. நடுவில் நம்பத்தகுந்த எண்கள் இருக்கின்றன.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., அந்நாட்டின் தேசியக் கண் நிறுவனமும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்துகொள்ள, ‘ப்ரௌல்’ என்ற பெயரில் இரண்டு ஆய்வுகளை நடத்தியது. ஒன்றில் கடற்படையைச் சேர்ந்த 262 பேர், மற்றொன்றில் பொதுமக்கள் 312 பேர். முடிவுகள் 2017-ல் வெளிவந்தன. சிகிச்சைக்கு முன் பார்வைத் தொல்லை எதுவும் இல்லாதவர்களில், 46 சதவீதம் வரையானோர் மூன்றாவது மாதத்தில் புதிதாக ஏதோ ஒரு தொல்லை இருப்பதாகச் சொன்னார்கள். முன்பு ஹாலோ இல்லாதவர்களில் 40 சதவீதம் வரையானோருக்குப் புதிதாக ஹாலோ. முன்பு கண் உலர்வு இல்லாதவர்களில் 28 சதவீதம் வரையானோருக்குக் கண் உலர்வு.

இதைப் படித்ததும் பகீர் என்கிறதா? அதே ஆய்வின் மறுபாதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏதாவது ஒரு பார்வைத் தொல்லையால் அன்றாட வேலை மிகவும் கஷ்டமாகிவிட்டது என்றவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவு. 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் பார்வையில் திருப்தி என்றார்கள். கண்ணாடி, லென்ஸ் போட்டிருந்த காலத்திலேயே ஹாலோவும் கூச்சமும் இருந்தவர்கள் நிறைய பேர். அவர்களில் பலருக்கு லேசிக்குக்குப் பிறகு அது குறைந்தது.

அதாவது பலருக்கு வரும், பெரும்பாலானோர் அதோடு வாழப் பழகிவிடுவார்கள், மிகச் சிலருக்கு அது வாழ்க்கையைத் தொந்தரவு செய்யும். அந்த மிகச் சிலரில் நாம் இருப்போமா என்பதை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் சோதனை எதுவும் கிடையாது.

எஃப்.டி.ஏ. 2022 ஜூலையில் ஒரு வரைவு வழிகாட்டுதலை வெளியிட்டது. இரட்டைப் பார்வை, கண் உலர்வு, இரவில் வண்டி ஓட்டச் சிரமம், அரிதாகத் தீராத கண் வலி ஆகியவை வரலாம் என்று சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும், கையில் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தர வேண்டும் என்றது. கண் அறுவை சிகிச்சை மருத்துவர்களின் அமைப்புகள், இது தேவையில்லாமல் பயமுறுத்துகிறது என்று எதிர்த்தன.

கடலுக்கு மட்டும் ஏன் தனி விதி?

சாலையில் ஒரு ஹாலோ எரிச்சல். கடலில் அதன் பொருள் வேறு.

1972-ன் சர்வதேச மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, இரவில் ஓடும் இயந்திரக் கப்பல் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, உயரே வெள்ளை விளக்கு காட்ட வேண்டும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அதன் இடப்பக்கம் நம் பக்கம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நேராக நம்மை நோக்கி வருகிறது. 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் வெள்ளை விளக்கு 6 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும், பக்க விளக்குகளுக்கு 3 கடல் மைல் போதும். வெள்ளை பிரகாசமானது, சிவப்பும் பச்சையும் மங்கலானவை என்று அர்த்தம். ஏழு மீட்டருக்கும் சிறிய, வேகம் குறைந்த படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒரே ஒரு வெள்ளை விளக்கு போதும்.

இதைப் பெரிய கப்பலின் பாலத்தில் நிற்கும் அதிகாரியின் கண்ணில் இருந்து பாருங்கள். பின்னணியில் துறைமுகத்தின் நூற்றுக்கணக்கான விளக்குகள். முன்னால் ஒரு வல்லத்தின் ஒற்றை வெளிச்சம். ஒவ்வொரு விளக்கும் தன்னைச் சுற்றி வளையம் போட்டால், பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலக்கும். வெள்ளை விளக்கின் வளையம் அருகில் இருக்கும் மங்கலான சிவப்பை விழுங்கலாம். எந்தப் பக்கம் திருப்புவது என்ற முடிவு அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது.

அதனால்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சர்வதேசக் கடல்சார் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட கடலோடிகள் மருத்துவப் பரிசோதனை வழிகாட்டுதலில் லேசருக்கென்றே ஒரு குறிப்பு இருக்கிறது. லேசர் பார்வைத் திருத்தம் செய்திருந்தால், குணமடைவது முழுமையாகியிருக்க வேண்டும். அதோடு கான்ட்ராஸ்ட், கூச்சம் தாங்கும் திறன், இரவுப் பார்வையின் தரம் ஆகியவற்றைக் கண் மருத்துவ நிபுணர் சோதித்திருக்க வேண்டும். 6/6 என்ற ஒற்றை எண் போதாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் இது. மாலுமிகளுக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. ஒப்பந்தத்தின் பார்வைத் தகுதி அட்டவணையிலும், இருட்டில் எல்லா வேலையையும் குறையில்லாமல் செய்யும் பார்வை வேண்டும் என்று தனி நிபந்தனை உண்டு.

தமிழ்நாடு மாரிடைம் அகாடமி இருக்கும் ஊர் தூத்துக்குடி. கப்பல் வேலை என்பது இந்தக் கரையில் பல வீடுகளின் கனவு. மெடிக்கலில் கண்ணாடி தடையாகிவிடுமோ என்று அவசர அவசரமாக லேசிக் செய்துகொண்டு, அடுத்த மாதமே பரிசோதனைக்குப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் குறிப்பைப் படிக்க வேண்டும். இந்திய விமானப்படையின் தகுதி விதிகள் இதில் இன்னும் கறார்: 20 வயதுக்கு முன் செய்த லேசிக் ஏற்கப்படாது, செய்து 12 மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும், மிஞ்சிய கார்னியா 450 மைக்ரானுக்குக் குறையக் கூடாது.

சங்கு குளிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வரி. லேசிக் செய்தபின் மாஸ்க் மாட்டி ஆழத்துக்கு இறங்கக் குறைந்தது ஒரு மாதம் காத்திருக்கச் சொல்கிறார்கள் டைவிங் மருத்துவ நிபுணர்கள். மாஸ்க் உள்ளே உறிஞ்சி இழுக்கும் அழுத்தம் ஆறாத மூடிக்கு ஆகாது.

செய்வதற்கு முன் என்ன கேட்கலாம்?

‘என் வேலை ராத்திரியில்’ என்று முதலில் சொல்லிவிடுங்கள். லாரி ஓட்டுநர், நைட் ஷிஃப்ட் முடித்து பைக்கில் வீடு திரும்பும் ஐ.டி. ஊழியர், படகு ஓட்டுபவர், விடியும் முன் உப்பளத்தில் இறங்குபவர், யாராக இருந்தாலும். நீங்களாகச் சொல்லாவிட்டால் அது கேட்கப்படாமலே போகலாம்.

பிறகு எண்களைக் கேளுங்கள். இருட்டில் என் கண்பாவை எத்தனை மி.மீ.? நீங்கள் செதுக்கப்போகும் வட்டம் எத்தனை மி.மீ.? மூடிக்கு அடியில் எத்தனை மைக்ரான் மிஞ்சும்? ஏற்கெனவே கண் உலர்வு இருக்கிறதா? மருத்துவருக்கு இவை தினமும் பார்க்கும் எண்கள், சொல்ல இரண்டு நிமிடம் போதும். பவர் கடந்த ஒரு வருடமாக மாறாமல் இருப்பதும் முக்கியம். கண்ணின் தனிப்பட்ட பிறழ்ச்சிகளை அளந்து செதுக்கும் வேவ்ஃப்ரன்ட், டோபோகிராஃபி வகை லேசர்கள் பழையவற்றைவிட இரவுத் தொல்லையைக் குறைக்கின்றன, அறவே போக்குவதில்லை. ஸ்மைலும் அப்படியே. பவர் மிக அதிகம் என்றால் கார்னியாவைச் செதுக்காமல் கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் ஐ.சி.எல். பற்றிப் பேசுவார்கள். அதிலும் ஹாலோ வருகிறவர்கள் உண்டு.

பண்டிகை ஆஃபர் முடியப்போகிறது என்பது கண் ஆபரேஷனுக்கு ஒரு காரணமே இல்லை.

ஏற்கெனவே செய்துகொண்டவர்கள்?

முதல் மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். வீக்கம் வடியும், நரம்பு வளரும், மூளையும் பழகும். அதுவரை மருத்துவர் சொன்னபடி செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை விடாமல் போடுவது பலருக்குப் பெரிய வித்தியாசத்தைத் தருகிறது.

ஆறு மாதத்துக்குப் பிறகும் தொல்லை இருந்தால் ‘சார்ட் நல்லா படிக்கறீங்களே’ என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். மிச்சப் பவர் இருக்கிறதா, கார்னியாவின் வரைபடத்தில் லேசர் மையம் விலகியிருக்கிறதா, கண் உலர்வு இருக்கிறதா என்று மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் 0.5 மிச்சம் இருந்தால், இரவு ஓட்டத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய கண்ணாடி போதுமாக இருக்கலாம். கண்ணாடியைக் கழற்றத்தானே இவ்வளவும் என்று கோபம் வரும், நியாயம்தான். கண்பாவை இருட்டில் அதிகம் விரியாமல் தடுக்கும் பிரிமோனிடின் போன்ற சொட்டு மருந்துகளைச் சில மருத்துவர்கள் இரவுக்கு மட்டும் தருகிறார்கள். மருந்துக் கடையில் நேராகக் கேட்டு வாங்கிப் போடுகிற மருந்து அல்ல அது. கார்னியாவின் மேடு பள்ளம் அதிகம் என்றால் கடினமான ரக கான்டாக்ட் லென்ஸ், திசு மிச்சம் இருந்தால் மறு லேசர்.

ஆன்லைனில் விற்கும் மஞ்சள் ‘நைட் டிரைவிங்’ கண்ணாடிக்குப் பணம் போட வேண்டாம். 2019-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஓட்டும் சிமுலேட்டரில் மஞ்சள் கண்ணாடி போட்டவர்களால் சாலையில் நடப்பவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியவில்லை. அது வெளிச்சத்தையும் கொஞ்சம் குறைத்துவிடும். கார் முன்கண்ணாடியை, ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்து வைப்பது இலவசம், பலனும் உண்டு.

இன்னும் ஆபரேஷன் தேதி குறிக்காதவர்கள் ஒரு சோதனையை இன்று ராத்திரியே செய்யலாம். போட்டிருக்கும் கண்ணாடியோடு கடற்கரையிலோ மொட்டை மாடியிலோ நின்று, தூரத்தில் ஒரு தெருவிளக்கையோ துறைமுக விளக்கையோ ஐந்து நிமிடம் பாருங்கள். வளையம் இருக்கிறதா, கதிர் எவ்வளவு நீளம், இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரியா என்று ஒரு தாளில் வரைந்து, தேதி போட்டு வையுங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள். மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் நின்று இன்னொன்று வரைய வேண்டியிருக்கும்.